பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்காவுல இருந்துட்டு சிட்டிக்கு குடிபோகணுமா, வேண்டாமா?

2 பிப்ரவரி 2025 | நல்லேபிள்ளி அண்ணா கேட்டது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கம் இருக்கறவங்க எதுக்குங்க கோயமுத்தூருக்கோ கொச்சிக்கோ குடிபோகோணும்? பைக் எடுத்தா முக்கா மணி நேரத்துல கோயமுத்தூர் ஓரத்து குனியமுத்தூர். இங்க சொந்த வீடு, கிணறு, நாலு தென்னை, ஏதாச்சும் ஒண்ணுன்னா ஓடிவர ஆளு இருக்கு. அங்க போனா வாடகை தண்டம். தினம் போய்ட்டு வர்றவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. குடிபோறது வெறும் வீம்புன்னு நான் சொல்றேன். மறுத்து சொல்றவங்க சொல்லுங்க.

2 பிப்ரவரி, ராத்திரி

மறுத்து சொல்றேனுங்க அண்ணா. நானும் கொழிஞ்சாம்பாறை பக்கம்தான், கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்ல வேலை, நீங்க சொல்ற அந்த எத்தனையோ பேர்ல நானும் ஒருத்தி. முக்கா மணி நேரம்ங்கறது பைக் ஓட்டற ஆம்பளைங்க கணக்கு. எனக்கு ஷிப்ட் சாயந்திரம் ஏழு மணிக்கு முடியும், சாம்பிள் எதுனா அவசரம்னு வந்தா ஏழரை. உக்கடம் வந்து வேலந்தாவளம் பஸ் புடிச்சு, கந்தேகவுண்டன் சாவடி தாண்டி பஸ் உள்ள திரும்பறப்ப மணி ஒம்பதைத் தொடும். வேலந்தாவளத்துல இறங்குனா அதுக்கு மேல எங்க ஊருக்கு பஸ் இல்ல. எங்க வீட்டுக்காரர் பைக்க நிறுத்திட்டு காய்கறி மண்டி ஓரம் நிப்பார், அவரும் காலையில அஞ்சு மணியிலிருந்து தோட்டத்துல நின்ன மனுஷன். வீட்டுக்கு போனா பாப்பா தூங்கியிருப்பா. ஹோம்வொர்க் நோட்ட பாத்துட்டு கையெழுத்து போடறது அவ தூங்குனதுக்கு அப்புறம்தான்.

வாடகை தண்டம்ங்கறீங்க. இப்ப நான் கட்டறது சாயந்திரத்தை. அதுக்கு ரசீது யாரும் தர்றதில்ல, அதனால செலவே இல்லைன்னு ஆயிடுமா? குடிபோறதா வேண்டாமான்னு யாரு யோசிச்சாலும் சம்பளத்துல ஆரம்பிக்காதீங்க. வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் சாயந்திரம் ஆறு மணியிலிருந்து ஒம்பது மணி வரைக்கும் யாரு எங்க இருக்காங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எங்க வீட்டுல எழுதினோம். நாலு பேரு மூணு இடத்துல, அத்தை மட்டும் வீட்டுல டிவி முன்னாடி பாப்பாவோட.

3 பிப்ரவரி

பஸ் செலவு எவ்வளவுன்னு வண்ணாமடை அக்கா கேட்டிருக்காங்க. தமிழ்நாட்டு சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துலிருந்து டிக்கெட் கிடையாது, அதுல கேரளாக்காரி தமிழ்நாட்டுக்காரின்னு கண்டக்டர் பாக்கறதில்ல. அதனால எனக்கு பஸ் செலவு கம்மிதான். அந்த பஸ் வர்ற நேரத்துக்கு காத்திருக்கோணும், அவ்வளவுதான். அவசரத்துக்கு கேரளா கே.எஸ்.ஆர்.டி.சி.யில வாளையார் வழியா போனா காசு கொடுத்து, அங்கிருந்து சுத்தி வரோணும்.

9 பிப்ரவரி

முதல்லயே சொல்லியிருக்கலாம், இப்ப இதை எழுத காரணம் என்னன்னா ஆஸ்பத்திரியில கொச்சிக்கு வர்றியான்னு கேட்டிருக்காங்க. சம்பளம் எச்சா, பகல் ஷிப்ட். மார்ச் கடைசிக்குள்ள பதில் சொல்லோணும். அதனால போன வாரம் போயி பாத்துட்டு வந்தோம்.

நெசமா சொல்றேன், எனக்கு கொச்சி நெம்ப புடிச்சிருந்தது. ஆலுவாவுல மெட்ரோ ஏறி கலூர் வரைக்கும் உக்காந்துட்டு போனேன், ஒருத்தரும் இடிக்கல. 2017 ஜூன்ல ஆலுவா பாலாரிவட்டம்னு ஆரம்பிச்ச லைன் இப்ப திருப்பூணித்துறை டெர்மினல் வரைக்கும் போகுது, 25 ஸ்டேஷன். வைற்றிலாவுலிருந்து காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ இருக்குதுங்க, 2023 ஏப்ரல்ல விட்டது, ஏசி போட், ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, பாப்பா இறங்கவே மாட்டேன்னுட்டா. தனியா ஒரு பொம்பளை ராத்திரி ஒம்பது மணிக்கு மெட்ரோவுல ஏறி வீட்டுக்கு போறா, கையில புஸ்தகம் வெச்சு படிச்சுட்டே போறா, வாசல்ல யாரும் பைக்க வெச்சுட்டு அவளுக்காக நிக்கல. நான் சிட்டின்னு ஆசப்படறது இதுக்குத்தான். மாலுக்கும் பீச்சுக்கும் இல்ல. யாரோட ஒத்தாசையும் கேக்காம ஒரு எடத்துக்கு போயிட்டு வர முடியறது. நம்மூர்ல எனக்கு மருந்துக்கடைக்கு போறதுக்கே ஒருத்தர கூப்பிடோணும்.

ஆனா வேலை காக்கநாட்டுல. மெட்ரோ இன்னும் அங்க வரல. கலூர் ஸ்டேடியத்துலிருந்து இன்ஃபோபார்க் வரைக்கும் புது லைன் வேலை நடக்குது, ரோடெல்லாம் தகரம் வெச்சு அடைச்சிருக்காங்க, அந்த ரோட்ல ஆட்டோக்காரர் வண்டிய ஆஃப் பண்ணிட்டு பேப்பர் படிச்சாரு. லைன் ஓடற காலம் வந்தா கதையே வேற. அது வர்ற வரைக்கும் நான் காக்கநாட்டுலயே வீடு பாக்கோணும். ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு புரோக்கர் சொன்னது இருபதாயிரத்துக்கு பக்கம், மெயின்டெனன்ஸ் தனி.

11 பிப்ரவரி

கொச்சி பத்தி இன்னும் ரெண்டு விஷயம், நேத்து தூக்கம் வராம யோசிச்சது.

தண்ணி. காக்கநாட்டுல நெறைய ஃபிளாட்டுக்கு டேங்கர் லாரியில தண்ணி வருது. 2024 ஜூன்ல அங்க ஒரு பெரிய அடுக்குமாடியில குடிதண்ணி கெட்டுப்போயி நூத்துக்கணக்குல ஆளுங்களுக்கு வயித்தால போச்சு, நாங்க லேப்ல இருக்கறதால அந்த நியூஸ வேற மாதிரி படிச்சோம். தண்ணியில கழிவு கலந்திருக்கலாம்னு காட்டிக்குடுக்கற கோலிஃபார்ம் கிருமி என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு லாரி தண்ணிய பாத்தா கை நடுங்கும். புகை வேற. 2023 மார்ச்சுல பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பிடிச்சு பத்து நாளைக்கு மேல எரிஞ்சது, பிரம்மபுரம் காக்கநாட்டுக்கு பக்கம்தான். மழையும் அப்படித்தான், 2024 மே கடைசியில களமசேரி பக்கம் ஒரு மணி நேரத்துல நூறு மில்லிமீட்டர் அளவுக்கு கொட்டுச்சு. நம்ம கிழக்கு சித்தூர்ல அந்த ஒரு மணி நேர மழை வந்தா ஊரே கோயிலுக்கு போயி பொங்கல் வெக்கும்.

இதெல்லாம் சொல்றதால கொச்சி மோசம்னு இல்லைங்க. எந்த ஊருக்கு போறோமோ அந்த ஊரோட மோசமான வாரத்தை தெரிஞ்சுட்டு போகோணும்னு சொல்றேன். நாம போய் பாத்தது பிப்ரவரி. பிப்ரவரியில எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும்.

12 பிப்ரவரி

கொச்சியில தமிழ் ஆளுங்க இருக்காங்களான்னு கேட்டவருக்கு: மட்டாஞ்சேரியில இருக்காங்க, வில்லிங்டன் ஐலண்ட் பக்கம் வாத்துருத்தியில நெறைய பேர், வேலைக்கு வந்தவங்க. எனக்கு பாஷை ஒரு பிரச்சனையே இல்ல, மலையாளம் சரளமா பேசுவேன், படிக்கறதுதான் எழுத்து கூட்டி. பாப்பா இப்ப அஞ்சாவது, தமிழ் மீடியம், புஸ்தகம் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ்ல போடறது. அவளுக்குத்தான் கொச்சி கஷ்டம். கேரளாவுல தமிழ் மீடியம்னா பாலக்காடு, இடுக்கி பக்கம்தான் எச்சா. கொச்சி போனா ஆறாவதுல இங்கிலீஷ் மீடியத்துல தள்ளோணும்.

23 பிப்ரவரி

மீனாட்சிபுரம் தம்பி ஒருத்தர் எழுதியிருக்காரு, "அக்கா, கோயமுத்தூருக்கே போயிடுங்க, ஆறாவதுலிருந்து கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேத்துட்டா 7.5 சதவீதம் ஒதுக்கீடு, மாசம் ஆயிரம் ரூவா புதுமைப்பெண், எல்லாம் தானா வந்துரும்"னு. தம்பி, பாதி சரி. தமிழ்நாட்டுல ஆறாவதுலிருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப்பள்ளியில படிச்ச பசங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீதம் 2020ல வந்தது, அடுத்த வருஷம் என்ஜினியரிங் மாதிரி தொழில்படிப்புக்கும் வந்துச்சு. காலேஜ் போற பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் திட்டமும் ஆறாவதுலிருந்து பன்னெண்டு வரைக்கும்ங்கற அதே கணக்குதான், 2022 செப்டம்பர்லிருந்து. அதாவது ஆறாவது தொடக்கத்துலயே போயிருக்கோணும். ஏழாவதுல போனா கதவு சாத்தியாச்சு. பாப்பா வர்ற ஜூன்ல ஆறாவது. நாங்க ரெண்டு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்னு தள்ள முடியாதுங்கறது இதுலதான் உறைச்சது.

மீதி பாதி தானா வராது. அதை நாளைக்கு எழுதறேன், லேப்ல ஒருத்தருகிட்ட கேட்டுட்டு.

24 பிப்ரவரி

ஜாதி சர்டிபிகேட். பார்டர்காரங்க யாரும் இதைப் பத்தி குடிபோறதுக்கு முன்னாடி பேசறதே இல்ல. கேரளாவுல எங்களுக்கு இருக்கற சர்டிபிகேட் எல்லை தாண்டினா தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு செல்லாது, ஜாதி பேரு ரெண்டு லிஸ்ட்லயும் அதே பேரா இருந்தாலும். பட்டியல் சமூகத்துக்கு இதை உச்சநீதிமன்றம் 1990லயே சொல்லிருச்சு, 2018ல அஞ்சு ஜட்ஜு பெஞ்சு மறுபடியும் உறுதி பண்ணுச்சு, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு போனவங்க போன இடத்துல அந்த ஒதுக்கீடு கேக்க முடியாதுன்னு. வேலந்தாவளத்துல ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் சித்தப்பா வீடு, அந்தப் பக்கம் அவரோட சம்பந்தி வீடு. ஒரே சாதி, ஒரே குலசாமி. பேத்திக்கு அந்தப் பக்கம் கிடைக்கறது இந்தப் பக்கத்து பேத்தி அங்க போயி கேட்டா கிடைக்காது. பழைய கொச்சி சமஸ்தானத்துக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல இருந்த கோடு, 1956ல கேரளா உருவானப்ப அதுவே மாநில எல்லையா நின்னுச்சு. அன்னிக்கு எங்க தாத்தாவுக்கு அது என்னன்னே தெரிஞ்சிருக்காது, கோயமுத்தூர் சந்தைக்கு மாடு ஓட்டிட்டு போய்ட்டு வந்துட்டுத்தான் இருந்தாரு.

இதை எழுதறப்ப மனசு கனமாத்தான் இருக்குது. குடிபோறதுங்கறது நமக்கு மட்டும் இல்ல, ஏழு வருஷம் கழிச்சு பாப்பா எந்த வரிசையில நிக்கறாங்கறதும் இப்பவே முடிவாகுது.

2 மார்ச்

மேல எழுதினதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்குது, கேரள அரசு சேவை மையமான அக்ஷயா சென்டர்ல விசாரிச்சப்ப தெளிவாச்சு. கேரளாவுல என்ஜினியரிங், மெடிக்கலுக்கு கேரளாக்காரங்கன்னு நிரூபிக்கறது பிறப்பை வெச்சு. பிள்ளையோ, அப்பாவோ அம்மாவோ கேரளாவுல பொறந்தவங்கன்னு வில்லேஜ் ஆபீசர் குடுத்தா ஏத்துக்குவாங்க. நான் பொறந்தது சித்தூர் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, பாப்பாவும் அங்கதான். அதனால அவ தமிழ்நாட்டுல படிச்சாலும் இந்தப் பக்கத்து கதவு மூடாது. தமிழ்நாட்டுல என்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டாவதுலிருந்து பன்னெண்டாவது வரைக்கும் அங்கயே படிச்சிருந்தா நேட்டிவிட்டி சர்டிபிகேட்டே கேக்க மாட்டாங்க. ஆக ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இடம் இருக்கு. அந்தப் பக்கம் பொதுப்பிரிவு, இந்தப் பக்கம் நம்ம சர்டிபிகேட்.

கூடவே ஒண்ணு, இங்க தமிழ் மீடியம்னு பத்தாவது வரைக்கும் படிச்சாலும் ப்ளஸ் ஒன் போனா கேரளாவுல இங்கிலீஷ்தான். அந்தப் பக்கம் பன்னெண்டு வரைக்கும் தமிழ்ல படிக்கலாம். எனக்கு இது பெரிய விஷயம். நான் ப்ளஸ் ஒன்ல மாறினப்ப முதல் வருஷம் பூரா கெமிஸ்ட்ரி கிளாஸ்ல வாயத் தொறக்கல.

15 மார்ச்

குனியமுத்தூர்ல வீடு பாக்க ஆரம்பிச்சாச்சு. சுந்தராபுரம், கோவைப்புதூர், போத்தனூர் எல்லாம் பாத்தோம். குனியமுத்தூர் பாலக்காடு ரோட்லயே இருக்கறதால வீட்டுக்காரர் தோட்டத்துக்கு பைக்ல போறதுக்கு சௌகரியம், காலையில எல்லாரும் டவுனுக்குள்ள வர்றப்ப அவரு வெளிய போவாரு.

வீடு பாக்க போறவங்களுக்கு: ஹால் சைஸ், டைல்ஸ் எல்லாம் கடைசியா பாருங்க. முதல்ல கரண்ட் மீட்டர். ஒரு வீட்டுல கீழ ஓனர், மேல ரெண்டு போர்ஷன், ஈ.பி. மீட்டர் ஒண்ணே ஒண்ணு, போர்ஷனுக்கு சின்ன சப்-மீட்டர் மாட்டியிருந்தாரு. யூனிட்டுக்கு பத்து ரூவான்னாரு. தமிழ்நாட்டுல வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் ஃப்ரீ. அந்த நூறு ஓனருக்குத்தான் போகும், குடியிருக்கறவங்களுக்கு முதல் யூனிட்லிருந்தே பத்து. "எங்களுக்குன்னு தனி சர்வீஸ் இருக்குங்களா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்கம்மா, கணக்கு பக்காவா இருக்கும்"னாரு. கணக்கு பக்காவா இருக்கறதுதான் பிரச்சனைன்னு எங்க வீட்டுக்காரர் வெளிய வந்து சொன்னாரு.

அப்புறம் சம்ப்பு. மூடியத் தொறந்து காட்டச் சொல்லுங்க. ஒரு எடத்துல தொறந்தா பக்கத்துலயே செப்டிக் டேங்க் மூடி, நாலடி கூட இல்ல. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு ஓனர்கிட்ட கேக்காதீங்க, எதிர்வீட்டு அக்காகிட்ட கேளுங்க. ஓனர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னாரு, எதிர்வீட்டு அக்கா சிரிச்சாங்க.

அட்வான்ஸ் கேட்டா மயக்கம் வரும். ஒரு வீட்டுல வாடகை பதினொண்ணாயிரம், அட்வான்ஸ் பத்து மாச வாடகை. காக்கநாட்டுல வாடகை எச்சா, ஆனா அட்வான்ஸ் அதுல பாதி கூட கேக்கல. ரெண்டு ஊரையும் ஒப்பிடறவங்க இதையும் சேத்து போடுங்க, முடங்கற பணமும் செலவுதான்.

16 மார்ச்

தண்ணின்னு சொன்னதும் நல்லேபிள்ளி அண்ணா "நம்ம கிணத்து தண்ணிய விட்டுட்டு கார்ப்பரேஷன் பைப்பாண்ட நிக்கப் போறியா"ன்னு கேட்டிருக்காரு. அண்ணா, அந்த பைப்ல வர்றதும் நம்ம தண்ணிதான். சிறுவாணி அணை இருக்கறது பாலக்காடு ஜில்லா, அதைத்தான் கோயமுத்தூர்ல ஒரு பகுதி குடிக்குது. நம்ம சித்தூர் ஆத்துக்கு தண்ணி ஆழியாறுல இருந்து அவங்க விடோணும், பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அது நேரத்துக்கு வரலைன்னா நம்ம கிணறு மார்ச்சுலயே அடி காட்டும். போன கோடையில நாங்களே தோட்டத்துக்கு லாரியில தண்ணி வாங்கினோம். கெழக்கு சித்தூர் மழை மறைவு பூமி, பாலக்காட்டு பச்சையெல்லாம் ஆலத்தூர், நெம்மாறா பக்கம் போட்டோ எடுத்தா வர்றது.

30 மார்ச்

கொச்சி வேண்டாம்னு சொல்லிட்டேன். சொன்ன அன்னிக்கு ராத்திரி அழுதேன். அந்த மெட்ரோவுல ஏறி நானா வீட்டுக்கு போற வாழ்க்கை வேணும்னு ஆசை இருந்தது, இப்பவும் இருக்கு. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு அங்க வேலையே இல்ல, தோட்டத்தை குத்தகைக்கு விட்டுட்டு அவரு கொச்சியில என்ன பண்ணுவாரு? பாலக்காட்டுலிருந்து எர்ணாகுளம் ரயில்ல மூணு மணி நேரத்துக்கு பக்கம், வாரக்கடைசிக்கு மட்டும் வர்ற அப்பாவா அவர ஆக்க எனக்கு மனசு வரல.

இனி அத்தை. அத்தைக்கு கேரள கவர்ன்மென்ட் க்ஷேம பென்ஷன், 2025 தொடக்கத்துல மாசம் 1,600 ரூவாயா இருந்தது. கோஆபரேட்டிவ் சொசைட்டிக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்து கைநாட்டு வாங்கிட்டு போவாரு. அவரு வந்தா அத்தை காப்பி குடுத்து அரை மணி நேரம் ஊர்க்கதை பேசும். ரேஷன் கார்டு பிங்க் கார்டு, அதாவது முன்னுரிமை குடும்பத்துக்கு குடுக்கறது. இதையெல்லாம் விட்டுட்டு குனியமுத்தூர் மாடி போர்ஷன்ல வந்து உக்காருன்னு எப்படி சொல்றது? "ஒங்க சாமான ஏத்திட்டு போங்க, என்னை ஏத்தாதீங்க"ன்னு தெளிவா சொல்லிருச்சு. அறுவது வயசு தாண்டினவங்களுக்கு தனியா சமைச்சு சாப்பிட முடியற வரைக்கும் சொந்த வாசல்தான் பலம்னு வண்ணாமடை அக்கா எழுதினது சரிதான், ஆனா ராத்திரி யாரு கூட படுப்பாங்கங்கறதுக்கு அவங்ககிட்டயும் பதில் இல்ல.

14 ஏப்ரல்

இன்னிக்கு விஷு, சித்திரை ஒண்ணு ரெண்டும். காலையில கணி பாத்துட்டு மதியம் வேப்பம்பூ ரசம். எங்க கொழுந்தனார் சொல்றாரு, "அண்ணி குனியமுத்தூர் போனா ஒரு பண்டிகை கொறையும், விஷு கைநீட்டக் காசு மிச்சம்"னு. கொறையாதுங்க, குனியமுத்தூர்ல பாதி கடையில கொன்னைப்பூ விக்குது.

கொரோனா சமயத்துல என்ன ஆச்சுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, அதை எழுதாம விட்டுட்டேன்னு நேத்து ஞாபகம் வந்தது. 2020 மார்ச்சுல வாளையார்ல பாஸ் இல்லாம விடல, ஊடுவழியெல்லாம் அடைச்சுட்டாங்க. நான் லேப்ல இருந்ததால வேலைய விட முடியல, ஆஸ்பத்திரி ஹாஸ்டல்லயே தங்கினேன். பாப்பாவுக்கு அப்ப ஆறு வயசு. போன்ல பேசறப்ப "அம்மா நீ வேற நாட்டுலயா இருக்கற"ன்னு கேட்டா. 2021 ஆகஸ்ட்ல மறுபடியும், கேரளாவுலிருந்து வர்றவங்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். இல்லைன்னா ரெண்டு ஊசி சர்டிபிகேட். அந்த டெஸ்ட்ட எடுக்கறதே நாங்கதான், எடுக்கற எங்களுக்கே காட்டுன்னு கேட்டாங்க. அப்ப இருந்தே ஒரு எண்ணம், வேலையும் பிள்ளையும் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கோணும்னு. மத்த கணக்கெல்லாம் இதுக்கு அப்புறம் போட்டதுதான்னு இப்ப எழுதறப்ப தோணுது.

4 மே

வீடு எடுத்தாச்சு. குனியமுத்தூர், மெயின் ரோட்லிருந்து உள்ள, தனி ஈ.பி. சர்வீஸ், வாடகை பத்தாயிரத்து ஐநூறு. அட்வான்ஸ் பேசிப் பேசி அறுபதாயிரத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. நானும் பாப்பாவும் அங்க. வீட்டுக்காரர் ராத்திரி அங்க, விடியக்காலம் தோட்டத்துக்கு கெளம்பிருவாரு. அத்தைக்கு துணையா கொழுந்தனார் பொண்ணு, நர்சிங் படிக்குது, சித்தூர்ல இருந்து காலேஜ் பஸ்ல போறவ, ராத்திரி அத்தை கூட படுத்துக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்க எல்லாரும் ஊருக்கு.

இதை ரெட்டை குடித்தனம்னு சொல்றவங்க சொல்லட்டும், செலவு ரெட்டைதான். கையில நிக்கறது முன்ன விட கம்மி, இதை மறைக்க விரும்பல. ரேஷன் கார்டு மாத்தல, ஓட்டு மாத்தல. அந்தப் பக்கத்து ரேஷன் கார்டு இல்லாததால மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் நமக்கு கிடையாது, அதுக்கு ஆசப்பட்டு கார்டை மாத்தினா அத்தை பேரு இருக்கற பிங்க் கார்டுல கை வெக்கோணும். வேண்டாம்.

8 ஜூன்

ஸ்கூல் ரெண்டாந்தேதி திறந்தாங்க, பாப்பா ஆறாவது. டி.சி.யில மலையாளத்துல இருந்த சீல பாத்துட்டு டீச்சர் எங்கிட்ட கொடுத்து படிக்கச் சொன்னாங்க, எழுத்து கூட்டிப் படிச்சேன். சமூக அறிவியல்ல பெரியாறு, பாரதப்புழைன்னு படிச்சவளுக்கு இப்ப நொய்யல், பவானி. மத்தது ஒண்ணும் சிரமம் இல்ல.

சாயந்திரம் ஏழரைக்கு வீட்டுக்கு வந்துடறேன். முதல் வாரம் அந்த நேரத்தை என்ன பண்றதுன்னே தெரியல, கதவை தொறந்ததும் சமையலுக்கு ஓடினேன், பாப்பா "மெதுவா மா, டைம் இருக்கு"ங்கறா. மருந்துக்கடைக்கு நானே நடந்து போனேன். ஒரு க்ரோசின் அட்டை வாங்கினேன், வேற ஒண்ணுக்கும் இல்ல.

அத்தை பத்தி கேட்டவங்களுக்கு, பரவாயில்ல. போன செவ்வாய்க்கிழமை கால் வழுக்கி வாசப்படியில உக்காந்துருச்சு, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் பொண்ணு காலேஜ்ல இருந்த நேரம். பக்கத்து தோட்டத்துக்காரங்க வந்து தூக்கிருக்காங்க. நல்லேபிள்ளி அண்ணா முதல் நாள் எழுதின "ஓடிவர ஆளு இருக்கு"ங்கறது அத்தைக்கு உண்மை. எனக்கு அங்க இல்லாம இருந்தது வேற. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஊரு ரெண்டு விதமா இருக்கலாம்னு இதுக்கு முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

22 ஜூன்

கே.எல். வண்டிய தமிழ்நாட்டுல ஓட்டலாமான்னு மீனாட்சிபுரம் தம்பி கேட்டது: ஒரு வண்டிய வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க ரீ-ரிஜிஸ்டர் பண்ணோணும்ங்கறது மோட்டார் வாகனச் சட்டம், வண்டிய பதிவு பண்ணின ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்.ஓ.சி. (தடையில்லா சான்று) வாங்கோணும், அந்தப் பக்கம் ரோடு டாக்ஸ் கட்டோணும். எங்க பைக் தினமும் தோட்டத்துக்கு போயிட்டு வருது, அதனால இப்போதைக்கு அவசரம் இல்ல. மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்த வேண்டாத பி.எச். சீரிஸ்னு 2021ல வந்தது எல்லாருக்கும் இல்ல தம்பி, கவர்ன்மென்ட் ஆளுங்க, இல்லைன்னா நாலு மாநிலத்துலயாவது ஆபீஸ் இருக்கற கம்பெனி ஆளுங்களுக்குத்தான். தென்னைக்கு அந்த நம்பர் குடுக்க மாட்டாங்க.

வாடகை அக்ரிமென்ட் 11 மாசத்துக்கு போட்டிருக்கோம். அத்தையோட கால் எப்படி இருக்கோ, அந்தப் பொண்ணு படிப்பு முடிச்சு எங்க போகுதோ, அதைப் பாத்துட்டு ஏப்ரல்ல மறுபடியும் அந்த ஆறு மணி ஒம்பது மணி பேப்பர எழுதோணும். இந்த தடவை அத்தையவும் உக்கார வெச்சு எழுதறதா இருக்கோம்.